குடும்ப மருத்துவமும் குழந்தைகளின் தொற்றுநோயும்: கல்வித்துறை மருத்துவராக விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி மாணவர்களும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் இளம் மருத்துவர்களும், சில சமயம் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கல்வித்துறை மருத்துவர் என்று நான் சொல்வது, நோயாளிகளைப் பார்ப்பதோடு கற்பித்தலையும் ஆய்வையும் தம் அன்றாட வேலையாகக் கொண்டவரை.

இந்த இரண்டு துறைகளும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன?

வீட்டில். பள்ளியிலிருந்து காய்ச்சலோடு திரும்பும் ஏழு வயதுப் பெண், அதைத் தொட்டிலில் கிடக்கும் தம்பிக்குக் கொடுக்கிறாள். தம்பியைத் தூக்கி வைத்திருக்கும் பாட்டிக்கு நான்கு நாள் கழித்து இருமல் வருகிறது. பெரிய மருத்துவமனையின் குழந்தைத் தொற்றுநோய் நிபுணர் பெரும்பாலும் இந்த மூவரில் மிகவும் மோசமான ஒருவரை மட்டுமே பார்ப்பார். குடும்ப மருத்துவர் மூவரையும் பார்ப்பார். நோயே வராமல் தப்பிய அம்மாவையும் பார்ப்பார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இடையில் எத்தனை நாள் ஆயிற்று, யாருக்கு வரவில்லை என்ற கேள்விகளுக்குப் பதில் அவருடைய நோட்டில்தான் இருக்கும். அந்த நோட்டைப் படித்து, எந்தக் கிருமி, எந்தப் பரிசோதனை, எந்தத் தடுப்பூசி என்று சொல்லும் திறமை தொற்றுநோயியலில் பயின்றவரிடம் இருக்கும். இரண்டும் ஒருவரிடமோ, ஒருவரையொருவர் நன்கு அறிந்த இருவரிடமோ சேரும்போதுதான் இந்தப் பணிவாழ்க்கை உருவாகிறது.

இதற்கு முன்னோடிகள் யாரேனும் உண்டா?

உண்டு. எனக்குப் பிடித்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், வென்ஸ்லிடேல் என்னும் பள்ளத்தாக்கின் அய்ஸ்கார்த் கிராமத்தில் இருந்த வில்லியம் பிக்கிள்ஸ். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் அல்லர், ஊர் மருத்துவர். 1929 இல் அவருடைய பகுதியில் மஞ்சள் காமாலை பரவியது. சுமார் 5,700 பேர் கொண்ட அந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 250 பேர் பாதிக்கப்பட்டனர். யார் யாரைச் சந்தித்தார், எந்தத் தேதியில் சந்தித்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்ததால், தொற்று ஏற்பட்ட நாளுக்கும் நோய் தெரிந்த நாளுக்கும் இடையே 26 முதல் 35 நாள்கள் ஆகின்றன என்று அவரால் கணக்கிட முடிந்தது. காலையில் படுக்கையில் நோயாளியாகப் பார்த்த ஒரு வேலைக்காரப் பெண், அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று இவர் நினைத்திருக்க, அன்றே ஊர் விழாவுக்குப் போய்விட்டாள். அவளோடு அந்த விழாவில் இருந்தவர்களுக்குச் சில வாரங்களில் காமாலை கண்டது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் எவ்வளவு பெரிய ஆய்வகம் இருந்தாலும் இந்த ஒரு தகவல் கிடைத்திருக்காது. அவர் குறித்துக்கொண்டு வரும் விவரங்களை அட்டவணையாக எழுதி வைப்பதில் அவருடைய மனைவிக்கும் பெரும் பங்கு உண்டு. இப்படிப்பட்ட ஆய்வுகளில் வீட்டாரின் உழைப்பு பெரும்பாலும் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன். 1953 இல், புதிதாகத் தோன்றியிருந்த பிரிட்டிஷ் பொது மருத்துவர் கல்லூரிக்கு அவரே முதல் தலைவரானார்.

சின்னம்மைக்கும் அக்கிக்கும் உள்ள உறவைக் குடும்ப மருத்துவர் ஒருவர்தான் கண்டுபிடித்தாரா?

இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஊகம் பழையது. ஆனால், சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடலை விட்டுப் போகாமல் நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளரும் வயதில் அக்கியாக வெளிவருகிறது என்பதைப் பல ஆண்டுக் கணக்கோடு எழுதியவர் எட்கர் ஹோப் சிம்சன். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் நகரில் அவர் குடும்ப மருத்துவராக இருந்தார். சுமார் 3,500 பேரைக் கொண்ட தம் நோயாளிப் பட்டியலில் 16 ஆண்டுகளில் 192 பேருக்கு அக்கி வந்ததை அவர் பதிவு செய்தார். சராசரியாக மாதத்துக்கு ஒருவர்தான். மாதத்துக்கு ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டு 16 ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமையை எந்த நிதிநல்கையும் வாங்கித் தராது. வெளியார் வரத்துக் குறைந்த யெல் என்னும் ஸ்காட்லாந்துத் தீவுக்கும் சென்று, ஊரில் சின்னம்மையே இல்லாத காலத்திலும் அக்கி வருகிறது என்பதை உறுதிசெய்துகொண்டார். புதிதாக ஒருவரிடமிருந்து தொற்றியதாக இருந்தால் அப்படி வர வழியில்லை. 1965 இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

குழந்தைத் தொற்றுநோயியலுக்கு அவர் தந்த இன்னொரு கொடை 1952 இல் வந்தது. ஒரே வீட்டில் ஒரு குழந்தைக்கு நோய் வந்தால், இதுவரை அந்நோய் வராத மற்றக் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். மணல்வாரி அம்மையில் நூற்றுக்கு 76, சின்னம்மையில் 61, பொன்னுக்கு வீங்கியில் 31. இந்த எண்களைப் பாடப்புத்தகங்கள் இன்றும் எடுத்தாள்கின்றன.

நம் ஊரில் அக்கி வந்தால் குயவரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அதைக் கேலி செய்யும் மருத்துவரிடம் நோயாளி அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார். எழுதிக்கொண்டு வரட்டும், கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே நமக்கு முக்கியம். வீட்டில் சின்னம்மை வராத கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிறார்களா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிட வேண்டும். அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால் அவர்களுக்குச் சின்னம்மை வரக்கூடும்.

இந்தியாவில் இதற்கான படிப்பு வழி என்ன?

எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு உறைவிடப் பயிற்சி. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. குடும்ப மருத்துவத்தில் மூன்றாண்டு டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைப் பட்டம்) அல்லது எம்.டி. படிக்கலாம். எம்.டி. இடங்கள் இன்னும் மிகக் குறைவு. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் குடும்ப மருத்துவம் என்று தனித் துறையே கிடையாது. மற்ற பாதை, குழந்தை மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. முடித்து, அதன்பின் தொற்றுநோயியலில் மூன்றாண்டு டி.எம். என்னும் உயர் சிறப்புப் பட்டம் படிப்பது, அல்லது குழந்தைத் தொற்றுநோயியலில் ஃபெலோஷிப் பயிற்சி பெறுவது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொலைநிலையில் நடத்தும் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பு ஒரு நல்ல கதவு.

எந்த எம்.டி. படித்தவர் எந்த டி.எம்.-க்கு விண்ணப்பிக்கலாம் என்பது ஒவ்வோர் ஆண்டும் நீட் உயர் சிறப்புத் தேர்வின் தகவல் கையேட்டில் அச்சாகிறது. முதுநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள். படிப்பை முடித்த பிறகு அதைத் திறந்து பார்த்துக் கலங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அப்படியானால் இரண்டிலும் பட்டம் பெற வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டிலும் முழுப் பயிற்சி பெறுவதென்றால் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகும் ஒன்பது ஆண்டு ஆகும். முடிக்கும்போது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலைதான் மிஞ்சும். ஒன்றை உங்கள் சிகிச்சைத் துறையாகவும் மற்றதை உங்கள் ஆய்வுக் களமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப மருத்துவரானவர் குழந்தைகளின் மூச்சுத் தொற்றையோ வயிற்றுப்போக்கையோ தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். குழந்தைத் தொற்றுநோய் நிபுணரானவர் வார்டைவிட்டு வெளியே வந்து வீடுகளைத் தம் களமாக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே கதவுகள் இன்னும் இறுக்கமானவை. குடும்ப மருத்துவத்துக்கு மூன்றாண்டு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே பெறும் முதுநிலைப் பயிற்சி. குழந்தைத் தொற்றுநோயியலுக்கு, முதலில் மூன்றாண்டு குழந்தை மருத்துவ ரெசிடென்சி, பிறகு மூன்றாண்டு ஃபெலோஷிப். குடும்ப மருத்துவ ரெசிடென்சி மட்டும் முடித்தவர் அந்தச் சிறப்புச் சான்றிதழைப் பெற முடியாது. ஆயினும் தடுப்பூசிக் கொள்கையிலும் காய்ச்சல் கண்காணிப்பிலும் குடும்ப மருத்துவப் பேராசிரியர்கள் அங்கே முன்வரிசையில் இருந்திருக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குடும்ப மருத்துவப் பேராசிரியர் ஜோனதன் டெம்டி, நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து ஊரில் ஃபுளூ பரவுவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற ஆய்வை அவருடைய குழு நடத்தியது. வருகைப் பதிவேட்டை மருத்துவக் கருவியாக்கிய அந்த யோசனை ஒரு குடும்ப மருத்துவருக்கே தோன்றக்கூடியது.

வேலூரைப் பற்றி எல்லோரும் ஏன் பேசுகிறார்கள்?

குழந்தை மருத்துவரான டி. ஜேக்கப் ஜான் 1967 இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வகம் தொடங்கினார். வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தை மூன்று தவணை முழுமையாகப் பெற்ற குழந்தைகளிலும் பலருக்கு எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை என்பதை 1970களின் தொடக்கத்திலேயே அவரும் அவருடைய குழுவினரும் காட்டினர். மேலை நாடுகளில் மூன்று தவணை போதுமானதாக இருந்தது, இங்கே போதவில்லை. அப்போது அது பலருக்கும் கசப்பான செய்தி. பிற்காலத்தில் இந்தியக் குழந்தைகளுக்கு மீண்டும் மீண்டும் சொட்டு மருந்து கொடுக்க வேண்டியிருந்ததற்கான காரணம் அந்தக் கண்டுபிடிப்பில் இருக்கிறது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானார். 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ ஒழிப்புச் சான்று கிடைத்தது.

அதே கல்லூரியில் ககன்தீப் காங்கும் அவருடைய குழுவினரும், சிறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸைப் பற்றி நடத்திய ஆய்வை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் எடுத்துக்காட்டுகிறேன். வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் 373 பேரை மூன்று வயது முடியும்வரை தொடர்ந்தனர். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் பரிசோதிக்கப்பட்டது. ஆறு மாத வயதுக்குள் நூற்றுக்கு 56 குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றிவிட்டிருந்தது. மெக்சிகோவில் இதேபோல் நடந்த பழைய ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்கு மூன்றாம் முறை கடும் வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். 2011 இல் இது வெளிவந்தபோது, இந்தியாவில் ரோட்டா தடுப்பூசி ஏன் மேலை நாட்டு அளவுக்கு வேலை செய்யாது என்பதற்கு விடை கிடைத்தது. இயற்கையான தொற்றே அவ்வளவுதான் காக்கிறது என்றால், தடுப்பூசியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதற்காகத் தடுப்பூசி வேண்டாம் என்றாகிவிடாது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட உள்நாட்டுத் தடுப்பூசி, முதல் ஆண்டில் கடும் நோயைச் சுமார் 56 சதவீதம் குறைத்தது. 2016 இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா தடுப்பூசி சேர்ந்தது. வயிற்றுப்போக்கில் வறண்டு இறக்கும் குழந்தைகள் இத்தனை பேர் உள்ள நாட்டில் 56 என்பது சிறிய எண் அன்று.

காசநோய் இந்தத் துறைக்குள் வருமா?

வரும். 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளியைச் சானடோரியம் என்னும் காசநோய் விடுதி மருத்துவமனையில் வைத்திருப்பதும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதும் பலனில் ஏறத்தாழ ஒன்றே என்று 1959 இல் காட்டியது. வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் தொடர்ந்த கண்காணிப்பில் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்களின் தேவையைக் குறைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. கடுமையற்ற காசநோய் உள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குப் பதில் நான்கு மாத மருந்தே போதும் என்று 2022 இல் வெளியான, 1,204 குழந்தைகள் பங்கேற்ற பன்னாட்டு ஆய்விலும் சென்னைக்கு இடம் உண்டு.

இந்தத் துறை மருத்துவரிடம் எதிர்பார்க்கப்படும் அடிப்படைக் கைத்திறன் என்ன?

மூச்சை எண்ணுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். இருமலோடு வந்த குழந்தையை அம்மாவின் மடியிலேயே விட்டு, அழுகை அடங்கும்வரை காத்திருந்து, சட்டையை மட்டும் மேலே தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தோடு ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது தவறு. சிறு குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. விலா எலும்புகளுக்குக் கீழே மூச்சு இழுக்கும்போது குழி விழுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நிமோனியாவைச் சந்தேகிக்க ஸ்டெதஸ்கோப்புகூடத் தேவைப்படாத இந்த முறையை எம்.டி. மாணவர்கள் பலர் அவசரத்தில் செய்வதில்லை. கிராமச் செவிலியர்கள் செய்கிறார்கள்.

அடுத்தது, குழந்தையின் உடையை முழுவதும் களைந்து பார்ப்பது. ஒரு வாரமாக விடாத காய்ச்சலோடு வந்த குழந்தையின் அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, அரைஞாண் கயிற்றுக்கு அடியிலோ, சிகரெட்டால் சுட்டது போல் கருத்த பொருக்கு ஒன்று வலியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்கிரப் டைபஸ். வலிக்காததால் அம்மாவுக்குத் தெரியாது. கயிற்றை விலக்காத மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் விலை குறைந்த டாக்ஸிசைக்ளினோ அஸித்ரோமைசினோ போதும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும்.

டெங்குவில் கைத்திறனைவிட நாள்கணக்கு முக்கியம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஆபத்து தொடங்குவது அப்போதுதான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது ஆகியவற்றைக் கவனிக்குமாறு முதல் நாளே சொல்லி அனுப்ப வேண்டும். குடும்ப மருத்துவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு: மறுநாள் தொலைபேசியில் கேட்டால் அந்த வீட்டில் எடுப்பார்கள்.

ஆண்டிபயாடிக் கேட்டு நிற்கும் பெற்றோரை எப்படிச் சமாளிப்பது?

சளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்வது எளிது. எதிரில் நிற்கும் அப்பா ஒருநாள் கூலியை இழந்து வந்தவர். அவரிடம் கொள்கை பேசிப் பயனில்லை. குழந்தையின் மூச்சை அவர் கண்முன்னே எண்ணி, எண்ணிக்கையைச் சொல்லி, எந்த நிலை வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்பது மருந்தல்ல, உறுதி என்பது என் அனுபவம். அதையும் மீறி மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுத்தால், அடுத்த முறை மறைக்காமல் சொல்லும் அளவுக்கு உறவு கெடாமல் இருக்க வேண்டும்.

பதவி உயர்வுக்கு என்ன தேவை?

உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற ஏணிதான். பணிக்காலம், ஆய்வுக் கட்டுரைகள், மருத்துவக் கல்வி முறைப் பயிற்சி ஆகியவற்றோடு ஆய்வு முறையியலில் அடிப்படைப் பயிற்சியும் வேண்டும். அந்தப் பயிற்சியைச் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழியில் நடத்துகிறது. கட்டாயத்துக்காகச் சேர்ந்தாலும் அதை ஒழுங்காகப் படித்துவிடுங்கள். கட்டுரை எண்ணிக்கைக்காகக் காசு வாங்கி எதையும் அச்சிடும் இதழ்களில் போய் விழுவது, நல்ல கேள்வியைக் கையில் வைத்திருந்த பல இளையவர்களைக் கெடுத்திருக்கிறது.

வருமானம்?

தனியார் மருத்துவமனை நிபுணரைவிடக் குறைவு. அதில் ஒளிவுமறைவு இல்லை. அறுவை சிகிச்சையோ கருவி வழிச் சிகிச்சையோ இல்லாத துறை. இங்கே விற்பதற்கு நேரம் மட்டுமே இருக்கிறது.

குழந்தைகளிடம் ஆய்வு செய்யலாமா?

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற்றோரின் எழுத்துவழி இசைவும் இல்லாமல் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஏழு வயது முதல் குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல் அது எழுத்தில் இருக்க வேண்டும். குடும்ப மருத்துவருக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. பத்தாண்டாகப் பார்த்துவரும் குடும்பம் அவரிடம் முடியாது என்று சொல்லத் தயங்கும். ஆகவே இசைவு கேட்கும் வேலையை, அந்தக் குடும்பத்துக்குச் சிகிச்சை அளிக்காத இன்னொருவரிடம் விடுவதே முறை.

மாணவராக இருக்கும்போதே தொடங்க முடியுமா?

முடியும், 200 பக்க நீளவாட்டு நோட்டு ஒன்று போதும். ஒரு தெருவையோ ஒரு துணை சுகாதார நிலையத்தின் எல்லையையோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதாதீர்கள்; வீட்டுக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எழுத்து கொடுத்துவிடுங்கள். கல்லூரியின் அனுமதியை முதலிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். வயது, முதல் அறிகுறி தோன்றிய தேதி, அந்த வீட்டில் அதற்கு முன் நோயுற்றவர் யார், தடுப்பூசி அட்டையில் உள்ள தேதிகள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, கொடுத்த மருந்து, குணமான தேதி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் போதும். நோயுற்றவர்களை மட்டும் எழுதிக்கொண்டு போகும் தவற்றைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். அந்த வீட்டில் நோய் வராதவர்களுக்கும் ஒரு கட்டம் விடுங்கள். பொன்னுக்கு வீங்கியில் நூற்றுக்கு 31 என்ற எண்ணை ஹோப் சிம்சன் அந்தக் கட்டத்திலிருந்துதான் எடுத்தார்.